இன்ஜின் மவுண்டிங் சீக்கிரம் கிழிவது எதனால்: ஒரு காரைப் பிரித்துப் பார்த்த பதிவு

இன்ஜினைக் காரின் பாடியோடு பிணைத்துத் தாங்கும் ரப்பர் துண்டுதான் இன்ஜின் மவுண்டிங். ஒழுங்காகப் பராமரித்த காரில் அது எண்பதாயிரம், லட்சம் கிலோமீட்டர் தாங்குவது சாதாரணம். இந்தக் காரில் வலது பக்க மவுண்டிங்கை மாற்றி இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, மறுபடியும் போய்விட்டது. கார் அக்கா வீட்டு மாமாவுடையது. நாலு சிலிண்டர் பெட்ரோல், இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும் முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக். கோவை ஊருக்குள் தினமும் சின்னச் சின்ன ஓட்டம். அவ்வப்போது மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் ஏறி இறங்கும்.

"லோக்கல் சாமான் போட்டுட்டாங்க மாப்ள. கம்பெனி சாமானா வாங்கி மாட்டிட்டா சரியாயிடும்" என்றார் மாமா. பட்டறையிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். லோக்கல் சாமான் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு மட்டமான ரப்பராக இருந்தாலும், தானாக ஊறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் பிளந்து போகாது. அதை ஏதோ ஒன்று கெடுத்திருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் புதுசை மாட்டினால், அடுத்த வருடம் இதே இடத்தில் இதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருப்போம். அதனால் சாமான் வாங்கும் முன் பிரித்துப் பார்ப்பது என்று முடிவானது.

மவுண்டிங் என்றால் இன்ஜினின் எடையைத் தாங்கும் ரப்பர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எடை அதன் வேலையில் சின்னப் பங்கு. பெரிய சுமை முறுக்குவிசை. குறுக்கே வைத்த இன்ஜினில் கியர்பாக்ஸும், இரண்டு சக்கரத்துக்கும் முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால், சக்கரத்துக்குப் போகும் முறுக்கு முழுவதற்கும் எதிர்முறுக்கு அந்தக் கூட்டின் மேலேயே விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் 110 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசை, கொடுக்கிறது. முதல் கியர் விகிதம் 3.5, அதற்குப் பிறகு வரும் கடைசிப் பல்சக்கர விகிதமான ஃபைனல் டிரைவ் 4.1. பெருக்கினால் ஏறக்குறைய 1,580 நியூட்டன் மீட்டர். இவ்வளவையும் இரண்டு மூன்று ரப்பர் துண்டுகள்தான் பிடித்து நிறுத்துகின்றன. பின்சக்கர டிரைவ் ஜீப், வேன்களில் டிஃபரன்ஷியல் பின்னால் ஆக்ஸிலில் இருப்பதால், ஃபைனல் டிரைவ் பெருக்கும் அந்தப் பங்கு இன்ஜின் மவுண்டிங்குக்கு வருவதில்லை. பழைய வண்டிகளை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் முன்சக்கர டிரைவ் காரின் மவுண்டிங்கைக் குறைத்து மதிப்பிடுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த ரப்பர் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பழைய வேலை ஒன்று உண்டு. 1931இல் கிறைஸ்லர் நிறுவனம் பிளைமவுத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. முன்னால் உயரத்தில் ஒரு ரப்பர் மவுண்டிங், பின்னால் தாழ்வாக ஒன்று. இரண்டையும் இணைக்கும் கோடு இன்ஜினின் எடை மையம் வழியாகப் போகும்படி அமைத்தார்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் தன் அச்சிலேயே ஆடிக்கொள்ளும், பாடிக்கு அதிர்வு வராது. அடுத்த ஆண்டே பிரான்ஸின் சித்ரோயன் உரிமம் வாங்கிப் பயன்படுத்தியது. இன்ஜின் ஆடத்தான் செய்யும், எந்த அச்சில் ஆடவேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம் என்ற யோசனை எவ்வளவு அழகானது! மாமாவின் காரிலும் அதே யோசனைதான். வலது பக்கம், டைமிங் செயின் இருக்கும் ஓரத்தில், மேலே ஒரு ஹைட்ராலிக் மவுண்டிங். இடது பக்கம் கியர்பாக்ஸின் மேல் ஒன்று. கீழே பின்பக்கம், அடியிலுள்ள இரும்புச் சட்டமான சப்ஃபிரேமுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் வைத்த டார்க் ராட். மேலே இருக்கிற இரண்டும் எடையைத் தொங்கவிட்டுப் பிடிக்கும். முன்னும் பின்னும் ஆடுவதைத் தடுப்பது கீழே உள்ள ராட். இது முக்கியம், பின்னால் இதற்கே திரும்ப வரவேண்டியிருக்கும்.

முதலில் ஓட்டிப் பார்த்தேன். சிக்னலில் நிற்கும்போது ஏசி போட்டால் ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்கின. ரிவர்ஸில் கிளட்ச் விடும்போது 'டொக்'. ஆக்சிலரேட்டரை அமுக்கி விடும்போது கியர் லிவர் முன்னும் பின்னும் போய் வந்தது. வேகத்தில் நடுக்கம் இல்லை, ஆகவே வீல் பேலன்ஸ் பக்கம் போக வேண்டியதில்லை.

அப்புறம் பானெட்டைத் திறந்துவைத்து, மாமாவை உள்ளே உட்காரவைத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கோடு கால் பிரேக்கையும் அழுத்தச் சொன்னேன். முதல் கியரில் கிளட்ச் கடிக்கும் வரை மட்டும் மெதுவாக விடவேண்டும். நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். இந்தச் சோதனையில் காருக்கு முன்னால் யாரும் நிற்கவே கூடாது. முன்னே போகும் கியரில் இன்ஜினின் தலை டேஷ்போர்டு பக்கம் சாயும், ரிவர்ஸில் ரேடியேட்டர் பக்கம் சாயும். கொஞ்சம் அசைவது இயல்பு. இங்கே இரண்டு பக்கமும் தாராளமாகப் போனது. தலை ஒரு பக்கம் சாயும் அளவுக்கு அடிப்பகுதி எதிர்ப்பக்கம் போவது கண்ணுக்கே தெரிந்தது. அடிப்பகுதியைப் பிடிக்க வேண்டியது டார்க் ராட். அதைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். பின்பக்க புஷ்ஷின் ரப்பர் முழுக்கக் கிழிந்து, இரும்புக் குழாய் உள்ளே சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

போன தடவை வலது மவுண்டிங்கை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ராட் கார் வாங்கியபோது வந்த அதே ராட். அது செய்யவேண்டிய வேலையைப் புது மவுண்டிங் தலையில் கட்டியாகிவிட்டது. மேலும் கீழுமாக அமுங்குவதற்காக வடிவமைத்த ரப்பரை, ஒவ்வொரு கிளட்ச் விடுதலுக்கும் குறுக்கே இழுத்தால் எத்தனை நாள் தாங்கும்? இது ஒரு காரணம். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வலது மவுண்டிங்கின் ரப்பரைத் தொட்டபோது வேறு ஒன்று தெரிந்தது. அது கிழிந்திருந்ததோடு, ஊறிய வடை மாதிரி பொதபொதவென்று இருந்தது. விரலில் கறுப்பு ஒட்டியது.

ரப்பர் ஊறினால் எண்ணெய். மவுண்டிங்குகளில் பெரும்பாலும் இயற்கை ரப்பரைத்தான் பயன்படுத்துகிறார்கள். லட்சக்கணக்கான முறை இழுத்து விட்டாலும் கிழிசல் பரவாமல் தாக்குப்பிடிப்பதில் அதற்கு இணை இல்லை. ஆனால் எண்ணெய்க்கும் டீசலுக்கும் அது ஆகவே ஆகாது. உறிஞ்சி, உப்பி, பலம் இழந்துவிடும். எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்கள் இருக்கின்றன, ஆனால் இந்த ஆட்டத்துக்கு அவை இயற்கை ரப்பர் அளவுக்கு உழைக்காது.

ஹைட்ராலிக் மவுண்டிங் என்பதால் ஒரு குழப்பம் வரும். அதற்குள்ளேயே கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த திரவம் இருக்கிறது. மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை, நடுவே குறுகிய வளைந்த பாதை. இன்ஜின் பெரிதாகக் குதிக்கும்போது திரவம் அந்தப் பாதையில் நெருக்கிக்கொண்டு போய் ஆட்டத்தை அடக்கும். ரப்பர் பிளந்தால் இந்தத் திரவமும் கசிந்து, சுற்றிலும் ஈரமாக இருக்கும். எண்ணெயா, உள்ளிருந்த திரவமா என்று பார்க்க எளிய வழி: வெள்ளைத் துணியால் துடைத்து, சோப்பு இல்லாமல் தண்ணீரில் அலசுங்கள். கிளைக்கால் தண்ணீரில் கரைந்து போய்விடும். எண்ணெய் பிசுபிசுப்போடு துணியிலேயே நிற்கும். இங்கே துணி கறுப்பாகவே நின்றது.

டார்ச் அடித்து எண்ணெய் வந்த தடத்தை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். மவுண்டிங்கிலிருந்து பிராக்கெட், பிராக்கெட்டிலிருந்து டைமிங் கவர், அதற்கும் மேலே, இன்ஜினின் தலையை மூடும் டேப்பட் கவரின் மூலை. டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் மூலையில் ஒரு சின்ன இணைப்புக் கோடு இருக்கும். கவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் பேக்கிங் முதலில் கசியும் இடம் அதுதான். அங்கிருந்து சொட்டுச் சொட்டாக நேரே மவுண்டிங்கின் மேல் விழுந்திருக்கிறது.

டேப்பட் கவர் கசிகிறது என்றதும் இக்னிஷன் காயிலைக் கழற்றி பிளக் குழிக்குள் பார்த்தேன். ஒரு குழியில் எண்ணெய் தேங்கி நின்றது. பிளக் குழியைச் சுற்றியுள்ள சீல்களும் அதே கவரில்தான் உட்காருகின்றன. காயிலின் ரப்பர் பூட் உப்பியிருந்தது. ஸ்பார்க் பூட்டுக்கு வெளியே பாய்ந்ததன் தடமும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கோடாகத் தெரிந்தது. இந்த சிலிண்டர் அவ்வப்போது வெடிக்காமல் மிஸ் ஆகிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மிஸ்ஸிங்குக்கும் மவுண்டிங்குக்கும் உள்ள உறவைப் பட்டறைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் வெடிக்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, நிமிடத்துக்கு 750 சுற்று என்றால், நொடிக்கு 25 தட்டு. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கு என்று இயல்பான ஆட்ட வேகங்கள் உண்டு. பொதுவாக அவை நொடிக்கு 6 முதல் 15 முறைக்குள் இருக்கும். 25 அதற்கு மேலே இருப்பதால் மவுண்டிங் அதை எளிதாக விழுங்கிவிடுகிறது. ஒரு சிலிண்டர் வெடிக்காமல் போனால், அந்தக் குறை இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும். கணக்குப்படி நொடிக்கு 6.25 முறை. அது இன்ஜின் தானாகவே ஆட விரும்பும் வேகத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளும் விஷயம்தான் இது. சின்னத் தள்ளு, பெரிய ஆட்டம். ஐடில் குறைந்தாலும் இதே ஆபத்து. மாமாவின் காரில், இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடி கரி பிடித்திருந்தது, ஏசி போட்டதும் ஐடில் 600 பக்கம் இறங்கியது. ஊறிய ரப்பரை, தளர்ந்த ராடோடு, இப்படி மணிக்கணக்கில் சிக்னலில் ஆட்டினால் பிளக்காமல் என்ன செய்யும்?

சரி, பேக்கிங் ஏன் கசிந்தது? வயசாகிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் பிசிவி வால்வைப் பார்க்காமல் டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றக்கூடாது என்பது என் கட்சி. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும், இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கும். அதை உறிஞ்சி இன்டேக்குக்கு அனுப்புவது இந்த வால்வு. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த மூலை பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் ஒரு தாளை வைத்தால் லேசாக உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். இங்கே தாள் மேலே எழும்பியது. வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். உள்ளே 'கிளிக் கிளிக்' என்று ஆடவேண்டியது, சத்தமே இல்லை. பழுப்பு நிறப் பிசின் இறுகிப்போயிருந்தது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி, இன்ஜின் முழுசாகச் சூடாகும் முன்பே நிறுத்தும் ஓட்டம். ஆயில் மாற்றுவதும் தள்ளிப் போயிருக்கிறது. பிசின் சேர இது போதும்.

ஆக, வரிசை மேலிருந்து கீழ் இப்படி: வால்வு அடைத்தது, அழுத்தம் ஏறியது, பேக்கிங் கசிந்தது. எண்ணெய் ஒரு பக்கம் மவுண்டிங்கை ஊறவைத்தது, இன்னொரு பக்கம் பிளக் குழியில் இறங்கி மிஸ்ஸிங்கைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே செத்துப்போன ராட் மீதியை முடித்துவைத்தது. அந்தப் பிசிவி வால்வு இந்த மொத்த வேலையிலேயே விலை குறைந்த சாமான்களில் ஒன்று.

இன்னும் ஒரு விஷயம் கழற்றும்போதுதான் வெளியே வந்தது. நடுவில் ஒருமுறை கிளட்ச் வேலை நடந்திருக்கிறது; அதற்குக் கியர்பாக்ஸை இறக்கியிருப்பார்கள். நான் கியர்பாக்ஸுக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, இடது மவுண்டிங்கின் போல்ட்டுகளை லூஸ் செய்ததும், 'டக்' என்று கியர்பாக்ஸ் ஒரு பக்கம் நகர்ந்தது. அதாவது போல்ட் ஓட்டை நேராக வராததால், கம்பி போட்டு நெம்பி, ரப்பர் முறுக்கிய நிலையிலேயே டைட் செய்திருக்கிறார்கள். அப்படி இறுக்கிய ரப்பர் வண்டி ஷெட்டில் நிற்கும்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். இழுபட்ட ரப்பரில் காற்றிலுள்ள ஓசோனால் குறுக்கு வெடிப்புகள் சீக்கிரம் விழும். இடது மவுண்டிங்கின் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய கோடுகள் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

எல்லாம் தெரிந்த பிறகு மாட்டும் வேலை நேரானது. முதலில் கசிவு. புது பிசிவி வால்வு, டேப்பட் கவர் பேக்கிங், பிளக் குழி சீல்கள். டைமிங் கவர் சேரும் இரண்டு மூலையிலும் துடைத்து, பட்டாணி அளவு சிலிக்கான் பேஸ்ட். கவர் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க் அளவுக்கு மட்டும். இவை சின்ன போல்ட்டுகள், பலம் போட்டால் பேக்கிங் பிதுங்கி மறுபடியும் கசியும். பிளக்கும் காயில் பூட்டும் புதுசு. திராட்டில் பாடி சுத்தம். இன்ஜினை ஓடவிட்டுத் தாள் வைத்துப் பார்த்தேன், உள்ளே இழுத்தது. ஒரு நாள் ஓட்டி, மூலை காய்ந்தே இருப்பதைப் பார்த்த பிறகுதான் புது மவுண்டிங்கைக் கையில் எடுத்தேன்.

வலது, இடது, டார்க் ராட் என மூன்றையும் ஒன்றாக மாற்றினோம். வாங்கும்போது கவனித்தது: வலது பக்கத்துக்கு ஹைட்ராலிக்தான் வேண்டும். அதே வடிவத்தில், உள்ளே திரவம் இல்லாமல் கெட்டி ரப்பர் வைத்ததும் கடையில் கிடைக்கிறது, விலையும் குறைவு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாட்டினால் ஐடிலில் கார் முழுக்க நடுங்கும். 'புதுசு போட்டும் வைப்ரேஷன் போகலை' என்று வரும் புகார்களில் நிறைய இந்த வகை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையதின் நடு போல்ட் அரை விரல் கீழே இறங்கியிருந்தது. அவ்வளவு தூரம் இன்ஜினும் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடியிருக்கிறது.

வேலை செய்யும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் சம்ப்புக்கு அடியில் அகலமான பலகை வைத்து ஜாக்கியைக் கொடுத்தேன். பலகை இல்லாமல் தூக்கினால் சம்ப் உள்ளே அமுங்கிவிடும். இன்ஜினை மேலே தூக்கத் தேவையில்லை, மவுண்டிங்கின் மேல் உள்ள எடை இறங்கினால் போதும்.

மாட்டும் வரிசையில்தான் ஆயுள் இருக்கிறது. எல்லா போல்ட்டையும் கையால் நாலைந்து சுற்று மட்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். எந்த ஓட்டையும் நேராக வராவிட்டால் நெம்பக் கூடாது. ஜாக்கியை ஏற்றி இறக்கி இன்ஜினையே சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஜாக்கியை இறக்கி, இன்ஜின் தன் எடையிலேயே உட்காரும்போது, அதைக் கையால் முன்னும் பின்னும் சில முறை ஆட்டிவிட வேண்டும். தனக்கான இடத்தை அதுவே கண்டுகொள்ளும். அதன் பிறகுதான் வலது, இடது போல்ட்டுகள் டார்க் ரெஞ்சில் இறுகும். டார்க் ராட் எப்போதும் கடைசி. சில கார்களில் பிராக்கெட் போல்ட்டுகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவை, கோணக் கணக்கில் இறுக்க வேண்டியவை. உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் அதைப் பாருங்கள், அடுத்தவர் காரின் அளவு உதவாது.

ஓட்டிப் பார்த்ததில் ஏசி போட்டும் ஐடில் 750க்குப் பக்கத்திலேயே நின்றது, ஸ்டியரிங் நடுக்கம் போய்விட்டது. ரிவர்ஸ் 'டொக்' இல்லை. குன்னூர் மலை ஏறி வந்த பிறகு போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்தேன், எதுவும் தளரவில்லை.

மாமாவிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொண்டேன். மலை வளைவில் ஹாஃப் கிளட்ச் போட்டு இழுப்பதும், மேட்டில் மூன்றாவது கியரிலேயே திணறவிடுவதும் வேண்டாம். வேகம் இல்லாமல் கியர் மட்டும் பெரிதாக இருக்கும்போது வரும் மெதுவான, கனமான தட்டுகள்தான் மவுண்டிங்கை அதிகம் உலுக்கும். ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மட்டும் மாற்றாமல் மாதக் கணக்கும் பார்க்க வேண்டும். மூன்றாவது, வாட்டர் சர்வீஸில் கிரீஸைப் போக்கவும் அடிப்பாகம் பளபளக்கவும் டீசல் அடிக்கும் வழக்கம். அது மவுண்டிங், சஸ்பென்ஷன் புஷ், ஸ்டியரிங் பூட் எதையும் விடாது. வண்டியை உள்ளே விடும் முன்பே, "தம்பி, இன்ஜினுக்கும் அடியிலும் டீசல் வேண்டாம், தண்ணியும் ஷாம்பும் போதும்" என்று சொல்லிவிடச் சொன்னேன்.